துலக்காத வெள்ளி

என் அலமாரியில் இருக்கும் பழைய வெள்ளி ரூபாய்களைப் பார்க்கும் உறவினர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது? கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே!" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிலர் விபூதிக்குப் பதில் பல்பொடியைச் சிபாரிசு செய்வார்கள். அத்தை ஒருவர் புளிக் கட்சி. யாருடைய கை எந்த டப்பாவை நோக்கி நீள்கிறது என்று கவனித்துக்கொண்டேதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குங்குமச்சிமிழ், சந்தனக்கிண்ணம், பூஜைத்தட்டு எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்கு முன்பே துலக்கி வைக்கும் வீடுகளில் கறுத்த வெள்ளி என்றால் கவனிப்பாரற்ற வெள்ளி. அந்தக் கணக்கில் நான் பொறுப்பில்லாதவன். நாணயம் சேர்ப்பவர்களின் உலகத்தில் கணக்கு நேர் எதிரானது. அங்கே பளபளப்புதான் முதல் சந்தேகம். 1840 என்று ஆண்டு பொறித்த ஒரு ரூபாய் நேற்று வாங்கிய கொலுசின் நிறத்தில் மின்னினால், விவரம் தெரிந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த காசைக் கையில் எடுப்பார்.

நாணயம் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லை அழுந்துகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உலோகம் நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அந்த நகர்வு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. விளக்கின் கீழ் காசைச் சற்றே சாய்த்துச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல காசைச் சுற்றி ஓடும். நாணயச்சாலையிலிருந்து வந்த மேற்பரப்பு கெடாத காசில்தான் இந்த ஆரங்கள் ஓடும். விபூதி வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் வரிகள் மழுங்கிவிடும். அதன் பிறகும் காசு மின்னும், ஆனால் ஒளி ஓடாது. உருப்பெருக்கியில் பார்த்தால் துணி போன திசையிலேயே மயிரிழைக் கீறல்கள் வரிசையாகத் தெரியும். அதை எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது.

கறுப்பு என்று நாம் சொல்வது, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளியின் மேல் உண்டாகும் வெள்ளி சல்ஃபைடுப் படலம். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சளாகத் தெரியும். தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறி, கடைசியில் கரிநிறத்துக்குப் போகும். பல ஆண்டுகள் ஒரு காகித உறையிலோ துணிப் பையிலோ அசையாமல் கிடந்த காசில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இந்த நிறங்கள் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அப்படி ஒரு ரூபாய்க்காக நல்ல விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இதற்காகவே கந்தகப் புகை காட்டிச் செயற்கையாக நிறம் ஏற்றும் தொழிலும் நடக்கிறது. ஒரு பக்கம் கறுப்பைத் தேய்த்துப் போக்குகிறார்கள், இன்னொரு பக்கம் கறுப்பை விலைக்குச் செய்கிறார்கள்.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லத்தான் கிரேடிங் நிறுவனங்கள் வந்தன. காசை அனுப்பினால் அசல்தானா என்று பார்த்து, தேய்மானத்தையும் மேற்பரப்பையும் எடைபோட்டு, 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். சேகரிப்பாளர்கள் அந்தப் பெட்டியை ஸ்லாப் என்கிறார்கள். 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாத காசு. 50 முதல் 58 வரை ஏறத்தாழப் புதியது, மேடான இடங்களில் மட்டும் லேசான உரசல். அதற்குக் கீழே 40கள், 30கள், 20கள் என்று இறங்கி, முகம் இருந்த இடம் மட்டும் தெரியும் காசு வரை போகும்.

70 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் தொடக்க காலப் பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக உருவாக்கிய அளவுகோல் இது. மிக மோசமான காசு ஒரு டாலர் பெறும் என்றால், குறையே இல்லாத அதே காசு 70 டாலர் பெறும் என்பது அன்றைய சந்தை நிலவரம். விலைப் பட்டியலாகப் பிறந்தது தரப் பட்டியலாக நிலைத்துவிட்டது. விலை விகிதம் எப்போதோ மாறிவிட்டது, எண் மட்டும் மாறவில்லை. ஷெல்டன் உளவியலாளரும்கூட. மனிதர்களின் உடல்வாகையும் அவர் எண்களால் வகைப்படுத்திவைத்தார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த தரமான சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தம்முடைய மட்டமான காசுகளை வைத்துவிட்டார் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்து வழக்காகவும் ஆனது. தரம் பார்க்கத் தெரிந்த ஆள்தான், அதில் சந்தேகமில்லை.

அவருடைய அளவுகோலை எடுத்துக்கொண்டு 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வேலையைத் தொடங்கின. இன்று உலகெங்கும் பழைய வெள்ளி, தங்கக் காசுகளின் விலையை நிர்ணயிப்பதில் இந்த இரண்டின் எண்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம்மூர் ரூபாய்களும் அந்தப் பெட்டிக்குள் ஏராளமாகப் போய்விட்டன.

இங்கேதான் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. அந்த அளவுகோல் அமெரிக்க வெள்ளி டாலருக்குப் பொருந்துவதுபோல் நம் ரூபாய்க்குப் பொருந்துவதில்லை. காரணம் அளவுகோலில் இல்லை, இரண்டு காசுகளும் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது.

மார்கன் டாலரை எடுத்துக்கொள்வோம். 1878 முதல் 1904 வரையும் பிறகு 1921இலும் அடித்த காசு. 26.73 கிராம் எடை, 90 சதவீத வெள்ளி. மக்கள் கேட்டு அடித்த காசு அல்ல இது. சுரங்க முதலாளிகளுக்குச் சாதகமான சட்டங்களின்படி அரசு வெள்ளியை வாங்கியே ஆக வேண்டியிருந்தது, வாங்கிய வெள்ளியைக் காசாக அடித்தது. அமெரிக்கர்கள் பையில் கனக்கும் அந்தக் காசை விரும்பவில்லை. ஆயிரம் ஆயிரமாகத் துணி மூட்டைகளில் கட்டிக் கருவூலத்தில் போட்டுவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த மூட்டைகள் திறக்கப்பட்டபோது எண்பது ஆண்டுக் காசுகள் அடித்த மேனிக்கு வெளியே வந்தன. அவற்றின் உடம்பில் இருப்பதெல்லாம் மூட்டைக்குள் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள்தாம். ஆகவே அங்கே பேச்சு முழுவதும் 63க்கும் 65க்கும் இடையில் நடக்கிறது. கன்னத்தில் ஒரு வடு கூடுதலா குறைவா என்பதில் நூற்றுக்கணக்கான டாலர் ஏறி இறங்கும்.

நம் ரூபாய் மூட்டையில் தூங்கிய காசு அல்ல. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியது. 1862இல் கம்பெனியின் பெயர் போய் இந்தியா என்ற பெயர் வந்தது, 1877இல் ராணி பேரரசி ஆனார். எடையும் வெள்ளியும் மட்டும் நூறாண்டுக்கும் மேல் அசையவே இல்லை. தராசுத் தட்டில் எடைக்கல்லாக இதை வைத்து மருந்து நிறுத்த வைத்தியர்கள் உண்டு. வரி, கூலி, வட்டி, சீர், மொய், அடகு எல்லாம் இதில்தான். நாணயத்தைச் சுண்டி ஓசை கேட்டு, பல்லால் கடித்து, விளிம்பில் உளி வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, உண்டியலில் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துலக்கி வாழ்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட காசுகளை ஒரு கூடை அனுப்பினால் பெரும்பாலானவை எண் இல்லாமலே திரும்பும். 'துலக்கப்பட்டது', 'கீறல்', 'பற்றவைத்த தடம்' என்று காரணம் எழுதி, எண்ணுக்குப் பதில் வெறும் விவரம் மட்டும் போட்ட பெட்டியில் வரும். சேகரிப்பாளர்கள் இதை டீடெய்ல்ஸ் கிரேடு என்கிறார்கள். விலை பாதிக்கும் கீழே போய்விடும்.

அதனால் ரூபாய் சேர்ப்பவருக்கு முதல் கேள்வி 63ஆ 65ஆ என்பதே அல்ல. துலக்கியதா, துலக்காததா என்பதுதான். 45 என்று எண் பெற்ற, சாம்பல் நிறத்தில் அசல் தோலோடு இருக்கும் விக்டோரியா ரூபாயை, 'துலக்கப்பட்டது' என்று முத்திரை வாங்கிய பளீர் ரூபாய்க்கு மேலே வைக்கப் பழக வேண்டும். கண்ணுக்கு இது இயல்பாக வராது. நம் கண் பிறந்ததிலிருந்து வேறு பாடம் படித்திருக்கிறது.

மார்கன் டாலரை உதாரணத்துக்காக மட்டும் இழுக்கவில்லை. அதற்கும் நம் ரூபாய்க்கும் ரத்த உறவே உண்டு. முதல் உலகப்போரின்போது பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியம், சணல், தோல், ஆட்கள் என்று எல்லாவற்றையும் வாங்கியது. விற்றவர்கள் வெள்ளியில் பணம் கேட்டார்கள். உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறி, ஒரு ரூபாயிலிருக்கும் வெள்ளியின் மதிப்பு அந்த ரூபாயின் மதிப்பையே தாண்டும் நிலை வந்தது. காசு புழக்கத்திலிருந்து மறைந்து உருக்குமூசைக்குப் போனது. 1917 நவம்பர் 30 அன்று அரசு முதன்முறையாக ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டு வெளியிட்டதும், 1918இல் இரண்டரை ரூபாய் நோட்டு அடித்ததும் இந்தத் தட்டுப்பாட்டினால்தான். நோட்டை வெள்ளியாக மாற்றிக்கொள்ள மக்கள் கருவூலங்களுக்கு முன் நின்றார்கள்.

அப்போது அமெரிக்கா கைகொடுத்தது. 1918 ஏப்ரல் 23 அன்று நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடியே 2 லட்சத்து 32 ஆயிரத்து 722 வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் இரவு பகலாக அடித்தன. 1918 என்று ஆண்டு பொறித்த ரூபாய்கள் மட்டும் 40 கோடிக்கு மேல். நம் வீடுகளில் பழைய டப்பாவைக் கவிழ்த்தால் 1917, 1918, 1919 ஆண்டுக் காசுகளே அதிகம் விழுவதன் காரணம் இதுதான். எந்த ஆண்டு டாலர்களை உருக்கினோம் என்று அமெரிக்க நாணயச்சாலை குறித்துவைக்கவில்லை. அதனால் எந்த மார்கன் டாலர் எத்தனை மிச்சம் என்பதை அடித்த எண்ணிக்கையைப் பார்த்து இன்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய அரிய காசு ஒன்று உருகி நம் பாட்டி முந்தானையில் முடிந்துவைத்த ரூபாயாக மாறியிருக்கலாம். கிரேடிங் சீட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

இந்த ரூபாய்களில் பம்பாயில் அடித்தவற்றைப் பிரித்தறிவது எளிது. பின்பக்கம் அடியிலுள்ள தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு சிறு மேட்டுப்புள்ளி இருக்கும். கல்கத்தா காசில் எதுவும் இருக்காது. தேய்ந்த காசில் அந்தப் புள்ளியைத் தேடுவது கண்ணுக்கு நல்ல பயிற்சி. நம் சென்னைக்கும் ஒரு நாணயச்சாலை இருந்தது. 1869இல் மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெரு மட்டும் இருக்கிறது. அங்கிருந்து சவுகார்பேட்டை வெள்ளிக் கடைகள் நடக்கும் தூரம். அந்தக் கடைகளில் இன்றும் ராணி ரூபாய்களை எடைக்கு வாங்கி உருக்குகிறார்கள். தராசுக்குப் போவதற்கு முன் புரட்டிப்பார்க்க அனுமதிக்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். "பார்த்துக்கொள்ளுங்கள் சார், உங்களுக்குக் கறுப்புதானே வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கிவைப்பார். என் சேகரிப்பில் எனக்குப் பிடித்த சில காசுகள் உலைக்குப் போகும் வழியில் மடக்கப்பட்டவை.

1922க்குப் பிறகு பல ஆண்டுகள் ரூபாயே அடிக்கப்படவில்லை. போர்க்காலத்தில் அடித்துக் குவித்தது போதும் போதும் என்றாகிவிட்டது. ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1938இல் மீண்டும் தொடங்கி, 1939 ஆண்டு பொறித்த காசோடு அந்த நல்ல வெள்ளி ரூபாயின் கதை முடிந்தது. இரண்டாம் போர் வந்ததும் 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துச் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் என்று பழைய ரூபாய்களை அடுத்தடுத்துச் செல்லாதவை ஆக்கித் திரும்பப் பெற்றார்கள். போருக்காக அமெரிக்காவிடமிருந்து 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் கடனாகவும் வாங்கினார்கள். பிற்பாடு அந்தக் கடனை அடைக்க, பாதி வெள்ளிக் காசுகளையே திரட்டி உருக்கிச் சுத்திகரித்தார்கள். 1947இல் ரூபாய் முழு நிக்கல் ஆயிற்று.

திரும்பப் பெற்ற வெள்ளியில் ஒரு பகுதி போன வழி தனிக்கதை. 1942 அக்டோபரில் பம்பாயிலிருந்து சுமார் 100 டன் வெள்ளி ரூபாய்களோடு சிட்டி ஆஃப் கெய்ரோ என்ற கப்பல் பிரிட்டனுக்குப் புறப்பட்டது. நவம்பர் 6 அன்று தென் அட்லாண்டிக் கடலில், செயிண்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே, ஜெர்மானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. பயணிகளும் மாலுமிகளுமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 5,150 மீட்டர் ஆழத்தில் கிடந்த அந்தக் காசுகளில் டன் கணக்கில் மீட்டெடுத்துவிட்டதாக 2015இல் அறிவித்தார்கள். மீட்ட காசுகளில் பெரும்பகுதியை உருக்கி விற்றுவிட்டார்கள். எழுபது ஆண்டு கடலடியில் கிடந்து வந்ததை மறுபடியும் உலையில் போட மனசு எப்படி வந்ததோ! வெள்ளி விலைப் பட்டியலைப் பார்த்தால் மனசு வரும்போலிருக்கிறது.

தங்கத்துக்கு வருவோம். தங்கம் கறுக்காது, ஆகவே துலக்கும் சண்டை அங்கே குறைவு. அங்கே வேறு வினை. நம் பக்கத்தில் பழைய தங்கக் காசு என்றால் பிரிட்டிஷ் சவரன்தான். 1817இலிருந்து இன்றைய எடையில் வரும் காசு, 7.988 கிராம், 22 காரட். பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய, குதிரைமேல் அமர்ந்து பறக்கும் நாகத்தைக் குத்தும் செயிண்ட் ஜார்ஜ் பின்பக்கத்தில் இருப்பார். நகைக்கடைப் பலகையில் இன்றும் எட்டு கிராமுக்கு விலை எழுதுவது இந்தக் காசின் எடையைக் கொண்டுதான். லண்டனைத் தவிர சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா ஆகிய இடங்களிலும் அடித்தார்கள். ஒரே ஓர் ஆண்டு, 1918இல், பம்பாயிலும் அடித்தார்கள். அதே வெள்ளித் தட்டுப்பாட்டின் விளைவுதான் இதுவும். முதலில் அவசரத்துக்கு 15 ரூபாய் மதிப்புள்ள தங்க மொகர் ஏறக்குறைய 21 லட்சம் அடித்தார்கள். பிறகு பிரிட்டிஷ் அரசின் நாணயச்சாலையான ராயல் மின்ட்டின் கிளையாகப் பம்பாயில் சவரன் ஏறக்குறைய 13 லட்சம் அடித்தார்கள். 1919இல் கிளையை மூடிவிட்டார்கள். பம்பாய்ச் சவரனுக்கு அடையாளம், ஆண்டு எண்ணுக்கு மேலே தரைக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் ஐ என்ற பொடி ஆங்கில எழுத்து மட்டும்தான். அந்த ஓர் எழுத்துக்காக, சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேல் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சவரன்கள் தென்னிந்திய வீடுகளில் என்ன ஆயின? கழுத்தில் ஏறின. பத்தரிடம் கொடுத்து, காசிலுள்ள தலைக்கு மேலே பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்து, மணிகளுக்கு இடையே கோத்துக்கொண்டார்கள். பிறகு எப்போதோ வளையத்தை அரம் வைத்து ராவி எடுத்தார்கள். விளிம்பின் வரிக்கோடுகள் அந்த ஓர் இடத்தில் மட்டும் வழுக்கையாக இருக்கும். கழுத்தில் உரசிய பக்கம் குதிரையின் தொடை தேய்ந்திருக்கும். கிரேடிங்குக்குப் போனால் 'வளையம் நீக்கியது' என்ற முத்திரை நிச்சயம். இந்தக் காசுகளைப் பெரும்பாலும் தங்க விலைக்கே வாங்கலாம், நான் மனமுவந்து வாங்குகிறேன். சேகரிப்பாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். துலக்கிய ரூபாயை ஒதுக்கிவிட்டு வளையம் வைத்த சவரனை மட்டும் வாங்குவது என்ன நியாயம் என்று கேட்டால், பதில் என்னிடம் இல்லை. துலக்குவது காசின் முகத்தை அழிக்கிறது, வளையம் ஒரு விளிம்பைத்தான் அழிக்கிறது என்று வாதாடலாம். உண்மையில் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நல்ல நிலையில் சவரன் இங்கே ஏன் குறைவு என்பதற்கு அரசும் ஒரு காரணம். 1963இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன, 1968இல் அது முழுச் சட்டமானது. நகையாக இல்லாத தங்கத்தை வைத்திருப்பதே வம்பு என்று பயந்து பலர் காசை உருக்கி நகையாக்கிக்கொண்டார்கள். 1990இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்குள் உருக வேண்டியவை உருகியாயிற்று.

ஸ்லாபைப் பற்றிக் கிண்டலாகவே எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் அதற்குத் தலைவணங்க வேண்டும். கள்ளக்காசு. முன்பே சொன்ன 1939 ரூபாய் மிகவும் அரியது. 1938 ரூபாய் தாராளமாகக் கிடைப்பது. எட்டை ஒன்பதாக்குவது கைவேலை தெரிந்த ஆளுக்கு ஒரு பிற்பகல் வேலை. நேரில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். எண்ணைச் சுற்றியுள்ள தரையில் உலோகம் கலைந்திருக்கிறதா என்று வலுவான உருப்பெருக்கியில் பார்த்தால்தான் தெரியும். 1939ஐ ஸ்லாப் இல்லாமல் யாராவது விற்க வந்தால் நான் காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். சவரனில் சங்கடம் வேறு விதம். சரியான தங்கத்திலேயே செய்த போலிகள் உண்டு. எடை சரி, நீரில் நிறுத்துப் பார்க்கும் அடர்த்தியும் சரி, உரைகல்லும் ஒப்புக்கொள்ளும். எழுத்துகளின் ஓரத்திலுள்ள மழுங்கலும், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் பொடி மேடுகளும்தான் காட்டிக்கொடுக்கும். பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தையும் கையிலுள்ள காசையும் கீறல் கீறலாக ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்கக்கூடாது.

அப்படியானால் என் அசல் ரூபாய்களை நானே அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கலாமே என்று கேட்கலாம். முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். 'தரம் பார்த்துவிட்டுத் திரும்ப வந்துவிடும்' என்ற சமாதானமெல்லாம் செல்லாது. 1922 ரூபாயோடு ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய்கள் அனைத்தும் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அவருடைய அரை ரூபாய்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் நோக்கம் சோழர் சிலைகளும் சங்ககாலக் காசுகளும் கடத்தப்படாமல் இருப்பது என்பது புரிகிறது. 40 கோடி அடித்த 1918 ரூபாயும் அதே வலையில் விழுவது எனக்குச் சற்று அதிகப்படியாகத் தோன்றுகிறது. ஆனால் சட்டம் சட்டம்தான். எனவே என்னிடமுள்ள ஸ்லாப் காசுகள் வேறு யார் யாரோ வெளிநாடுகளில் அடைத்து, பல கை மாறி வந்தவை. மற்றவை பெட்டியின்றிக் காகித உறையில் இருக்கின்றன.

எண் இல்லாத காசுக்கு எண் சொல்லப் பழகியது அப்படித்தான். ஸ்லாபில் இருக்கும் 53ஐயும் 58ஐயும் 62ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிறகு சீட்டை மறைத்துப் பார்த்து, ஜார்ஜின் மீசையும் கிரீடத்தின் பட்டையும் மார்புச் சங்கிலியில் தொங்கும் யானையும் எந்த நிலையில் எப்படி இருக்கும் என்பது கண்ணில் ஏறிவிட்டது. அதற்குமேல் ஸ்லாப் எனக்கு ஒரு பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. சில சமயம் நிறுவனத்தின் எண்ணோடு ஒத்துப்போவதில்லை. அங்கே உட்கார்ந்து எண் கொடுப்பவர்களும் மனிதர்கள்தாம், நாளொன்றுக்கு எத்தனையோ காசுகள் அவர்கள் கண்முன் போகின்றன. பிடிக்காத எண் வந்தால் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்பி, ஒரு படி கூட வாங்கிக்கொள்ளும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அதே காசு, அதே நிறுவனம், வேறு நாள்.

என் ருசியைச் சொல்வதென்றால் 58. புழக்கத்தில் சில மாதம் இருந்து, சில கைகள் மட்டும் மாறி, அப்புறம் ஏதோ காரணத்தால் ஒதுங்கிவிட்ட காசு. மேட்டில் லேசாக உரசல், பள்ளங்களில் ஒளி இன்னும் ஓடும், மேலே இளம்பழுப்பு. மூட்டை வடுக்களால் முகமெல்லாம் கொத்திய 61ஐ விட இது பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் குறைவு. எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் 60ஐத் தாண்டினால்தான் பணப்பையைத் திறக்கிறார்கள் என்பதால் எனக்கு லாபம். சென்னையின் உப்புக்காற்றில் இந்தத் தோலைக் காப்பாற்றுவது தனி வேலை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் மலிவான பிவிசி ஆல்பங்களில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் படியும். அது துலக்குவதைவிடக் கொடியது.

இப்போது தேடிக்கொண்டிருப்பது 1911 ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அது. மன்னரின் அங்கியில் தொங்கும் யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய்விட, பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றார்கள். முஸ்லிம்கள் வாங்க மறுக்கவும் அரசு அவசரமாக நிறுத்தி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கியது. 1912இல் தும்பிக்கையை நீட்டி மறுபடி அடித்தார்கள். ஸ்லாபில் உயர்ந்த எண்ணோடு வருபவை என் கைக்கு எட்டாத விலை. கடைகளில் தனியாக வருபவற்றை எடுத்துப் பார்த்தால் யாரோ ஆசையாகத் தேய்த்ததில் பன்றியும் இல்லை யானையும் இல்லை, ஒரு மொழுமொழுப்பு மட்டும் இருக்கிறது. 40ஓ 45ஓ தேறுகிற, கறுத்த, அந்தக் குட்டைத் தும்பிக்கை தெளிவாகத் தெரிகிற ஒன்று வந்தால் எடுத்துவைக்கச் சவுகார்பேட்டைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். விலையை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார். அவர் அப்படிச் சொன்னால் அதிகமாகத்தான் கேட்பார்.